எட்டு கோர் பெட்டி

எங்கள் கடைத்தெருவில் யாரும் ராத்தா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். ஒரு வாய் குடிப்பார்கள், அவர் முகத்தைப் பார்ப்பார்கள், இன்னொரு வாய் குடிப்பார்கள். "என்ன தம்பி, டீ எப்படி?" என்று அவர் கேட்டால், "சூடா இருக்கு ராத்தா" என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. "மலைத் தூள்னா மலைத் தூள்தான்" என்று வாயை விட்டவர்கள் எல்லாம் பட்டிருக்கிறார்கள்.

குடவாசலில் அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். அது எப்படியோ கடைத்தெரு முழுவதற்கும் தொற்றிக்கொண்டு, அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் துபாயிலிருந்து போன் செய்து, "பேர மூடிட்டுச் சொல்ல முடியலையா உங்களுக்கு?" என்பார்.

அவர் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை அது. யாராவது எதையாவது புகழ்ந்தால் போதும், அந்தப் பொருளின் மேலிருக்கும் பெயரை வலது கைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, "இப்ப சொல்லுங்க" என்பார். சார்ஜர், சோப்பு, பேனா, எதுவாக இருந்தாலும் சரி. ஒருமுறை ஒருவர் தன் மருமகனைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது, அந்த மருமகனின் விசிட்டிங் கார்டின் மேலேயே விரலை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் தன் லேப்டாப்பைக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோய் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தார்.

ஐம்பதை ஒட்டிய வயது. பர்தாவின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அதை லேன் ஒயரின் பச்சை இழை ஒன்றால் கட்டியிருப்பார். திருகாணிகள் எல்லாம் மாங்காய் ஊறுகாய் பாட்டிலுக்குள் கிடக்கும். சிரிக்கும்போது வாய் சிரிக்காது. மூக்கு வழியாக ஒரு காற்று வரும், அவ்வளவுதான். அந்தக் காற்று வந்துவிட்டால் அந்தக் கடையில் யாரோ ஒருவர் ஏமாந்திருக்கிறார் என்று அர்த்தம். அது நாமாக இருக்கக் கூடாதே என்று மற்றவர்கள் வேண்டிக்கொள்வோம்.

கட்டைவிரலோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ராத்தா பெயரையே மாற்றி ஒட்டுகிறவர்.

எங்கள் வர்த்தகர் சங்கத் தலைவர் ரைஸ்மில் வைத்திருப்பவர். ஒரு பிடி சோற்றை மோந்து பார்த்தே ரகம் என்ன, எத்தனை மாதம் பழசு என்று சொல்லிவிடுவேன் என்று மார்தட்டுவார். ராத்தா தன் வீட்டு விசேஷத்துக்கு அவரையும் எங்களையும் கூப்பிட்டு, இரண்டு பாத்திரங்களில் வெள்ளைச் சோறு வைத்தார். "இது உங்க மில்லு பழைய பொன்னி. இது ரேஷன். ரெண்டையும் சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்றார். மில்காரர் முதல் பாத்திரத்தில் ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடினார். "அரிசின்னா இது அரிசி! பல்லுல படாம போவுது பாருங்க." இரண்டாவதில் அரை வாய் போட்டதுமே முகத்தைச் சுளித்தார். "ஆளைக் கொல்லுற நாத்தம். மாட்டுக்குக்கூட வைக்க முடியாது இதை."

மூக்கிலிருந்து காற்று வந்தது. ராத்தா பாத்திரங்களை மாற்றி வைத்திருந்தார். மாட்டுக்கு ஆகாது என்று மில்காரர் சொன்னது அவருடைய மில்லு அரிசியை. பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். குறுவை அறுப்பு முடிகிறவரைக்கும் ராத்தாவோடு பேசவில்லை.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதே வேலையைக் காட்டினார் என்றால் நம்புவீர்களா? "துபாய்லேருந்து வந்த பேரீச்சம்பழ அல்வா" என்று ஒரு தட்டை நீட்டினார். மாப்பிள்ளையின் மாமா அந்தப் பேரீச்சம்பழம் எந்தத் தோட்டத்தில் காய்க்கும், எந்த மாதத்தில் பழுக்கும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாம் முடிந்தபின் ராத்தா, "பூசணிக்காங்க. நேத்து நம்ம சந்தையில வாங்கினது" என்றார். மாமா எழுந்துவிட்டார். சம்பந்தம் முறியப்போகிறது என்று வீட்டுக்குள் அழுகைச் சத்தம். மாப்பிள்ளைப் பையன் மட்டும் வாயில் அல்வாவோடு சிரித்துக்கொண்டிருந்தானாம். "அந்தச் சிரிப்புக்குத்தான் பொண்ணக் குடுத்தேன்" என்பார் ராத்தா. கேட்கும்போது எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். பெற்ற மகள் கல்யாணத்தையே பணயம் வைக்கிறவரிடம் நம்மைப் போன்றவர்கள் எம்மாத்திரம்?

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் கேபிள் டிவி ஒயர் இழுத்து, பிறகு அதே கம்பங்களில் இணைய ஒயர் இழுத்தவன். அப்போது சுமார் முந்நூறு இணைப்புகள் வைத்திருந்தேன். என் அப்பா அந்த மில்காரர் வீட்டு வயலில் அறுப்பறுத்தவர். அப்பா அவரைக் கூப்பிட்ட வார்த்தையால் நான் கூப்பிடுவதில்லை, "சார்" என்பேன். அவரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கேபிள்காரப் பய" என்பார். எனக்கு நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். இருந்தாலும் பயதான்.

அந்த வருஷம் சாயங்காலம் ஆனால் என் இணையம் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஆறு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் படம், பாட்டு, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோடு வீடியோ கால் என்று ஒரே நேரத்தில் திறப்பார்கள். என்னிடமிருந்த ரெடிமேட் ரௌட்டரால் தாங்க முடியவில்லை. தொட்டால் தோசைக்கல்லாகச் சுடும். அதே நேரம் பார்த்து ஒரு பெரிய கம்பெனியின் ஆள் ஊருக்குள் வந்து நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். மில்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் பொட்டியில எத்தனை கோரு?"

அந்த வார்த்தையை அந்த நோட்டீஸ்காரன் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். கோர் என்றால் பிராசஸருக்குள் வேலை பார்க்கிற ஆள் மாதிரி என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"அவன் பொட்டியில எட்டு கோராம். உனக்கு ஒரு மாசம் டயம் தரேன். அதுக்கு மேலயும் படுத்துச்சுன்னா கடைத்தெரு பூரா அவன்கிட்ட போயிடும். அப்புறம் வந்து நிக்காதே."

கடைத்தெரு போனால் பின்னாலேயே வீடுகளும் போய்விடும். பிறகு நான் யார் வீட்டு வயலுக்கோ போக வேண்டியதுதான். அறுப்புக்கும் இப்போது மெஷின் வந்துவிட்டது என்பதால் அதுவும் கிடையாது. நேரே ராத்தா கடைக்குப் போனேன்.

"ரெடிமேட் எல்லாம் வேண்டாம் தம்பி, நாமளே ஒண்ணு கட்டிடுவோம். பிராசஸர் மட்டும் பாத்து எடுக்கணும்" என்றார்.

"எட்டு கோர்" என்றேன்.

"எதுக்கு?"

"எட்டு இருந்தா நல்லதுதானே?"

ராத்தா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன போர்டை எடுத்து வைத்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. ஃபேன் கிடையாது. பிராசஸரின் தலையில் சீப்புப் பல் போல அலுமினியத் தகடுகள். ஒரு மூலை லேசாக உடைந்திருந்தது.

"இதுல நாலுதான். ஆனா ஒவ்வொண்ணும் சுறுசுறுப்பு. நெட் சிப்பும் நல்ல சிப்பு. சூடு ஆவாது. ஃபேனே வேணாம். உங்க ரூம் எங்க இருக்கு? வயக்காட்டு ஓரம். அறுப்பு மெஷின் ஓடுனா எவ்வளவு பதர் பறக்குது? ஃபேன் வச்சீங்கன்னா ஒரே சீசன்ல அடைச்சுக்கும்."

"என்ன ராத்தா, டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கு?"

"ரௌட்டருக்கு என்ன வேலைங்க? வர்றத வாங்கி, எந்த வீட்டுக்கோ அங்க தள்ளிவிடணும். மடை தொறக்குற ஆளு மாதிரி. ஒரு மடைக்கு எட்டு பேரு மம்பட்டியோட போய் நின்னா ஏழு பேரு வேடிக்கைதான் பாப்பான். நமக்கு வேண்டியது ஆளு எண்ணிக்கை இல்ல, வெட்டுறவன் கை வேகம். முந்நூறு வீட்டுக்கு இது போதும். ஆயிரம் வீட்டுக்கும் தாங்கும்."

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. அப்பா மடை திறந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் மில்காரர் முன்னால் போய் நின்று, "நாலு கோர் சார்" என்று சொல்கிற காட்சி கண்ணில் வந்தது. அந்த டிபன் பாக்ஸை அவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பதும் வந்தது. மூட்டையைத் தூக்கிப் பார்த்துதான் அவர் எதையும் எடை போடுவார். மில்லில் தராசு ஒரு பக்கம் இருக்கும், அவர் கை ஒரு பக்கம் இருக்கும், கையைத்தான் நம்புவார்.

"இல்ல ராத்தா. எட்டுதான் வேணும். பெரிய கேஸ்ல போட்டுக் குடுங்க. முன்னாடி நீல லைட்டு வரணும்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வழக்கம்போல் விரலை நீட்டி, பேரை மூடிட்டுச் சொல்லுங்க என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "சரி தம்பி. உங்க இஷ்டம்" என்றார். ராத்தா ஒருவர் இஷ்டத்துக்கு இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எட்டு கோர் பிராசஸரும் அதற்கான மதர்போர்டும் பார்சலில் அவர் கடைக்கு வந்தன. நாலு நாள் யாரையும் உள்ளே விடாமல் கட்டினார். ஐந்தாம் நாள் ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி என் ரூமுக்குக் கொண்டுவந்து இறக்கினார். முன்னால் நீல விளக்கு. நான் என் பங்குக்கு "8 கோர்" என்று ஸ்டிக்கர் அடித்து அதன் நெற்றியில் ஒட்டினேன். ராத்தா எனக்கென்று ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தார். அதில் நுழைந்தால் எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்ற எண்ணும், ஏறி இறங்கும் ஒரே ஒரு கோடும் மட்டும் தெரியும். "இது போதும் உங்களுக்கு. மத்தத நான் பாத்துக்குறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க, பெட்டியைத் தொறக்காதீங்க. தூசி உள்ள போயிடும்."

மாசக் கடைசியில் மில்காரர் சங்கத்து ஆட்கள் நாலு பேரோடு வந்தார். ராத்தாவும் ஓரமாக நின்றார். ஸ்டிக்கரைப் படித்தார் மில்காரர். பெட்டியைச் சுற்றி வந்தார். பிறகு நான் எதிர்பார்த்தது போலவே குனிந்து இரண்டு கையாலும் அதைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினார்.

"கனமாத்தான் இருக்கு" என்றார். "வேலை செய்யும்."

அவ்வளவுதான், கடைத்தெரு என்னிடமே நின்றது. வெளியே போகும்போது என் தோளில் தட்டி, முதல்முறையாக என் பெயரைச் சொல்லி, "பரவாயில்லப்பா" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அதை மறைக்கத் திரும்பியபோது ராத்தாவின் மூக்கிலிருந்து காற்று வந்ததைக் கேட்டேன். எனக்காகச் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் அடித்த தம்பட்டம் இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "எட்டு கோர், ஆனா சத்தம்னு ஒண்ணு வருதா பாருங்க" என்பேன். "எட்டு கோர் இருந்தும் கரண்டு போனா இன்வெர்ட்டர் நாலு மணி நேரம் தாங்குது" என்பேன். "கொளுத்துற வெயில்லகூடப் பெட்டி ஜில்லுனு இருக்கு, தொட்டுப் பாருங்க" என்று வந்தவர் கையைப் பிடித்து வைப்பேன். ராத்தா கடையில் உட்கார்ந்துகொண்டே அவரிடமே சொல்லியிருக்கிறேன். "அன்னைக்கு உங்க டிபன் பாக்ஸப் போட்டிருந்தா என் கதை என்ன ஆயிருக்கும் ராத்தா?" அவர் கூரையைப் பார்ப்பார். ஊறுகாய் பாட்டிலைக் குலுக்கி ஏதோ திருகாணி தேடுவார். "ஆமா தம்பி. நல்லவேளை" என்பார்.

மறு வருஷம் மகளுக்குப் பிரசவம் என்று துபாய்க்குப் போனார். பேரனை விட்டு வர மனசில்லாமல் அங்கேயே இருந்துவிட்டார். கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். கடைத்தெருவில் எல்லோரும் பயமில்லாமல் டீயைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அது என்னவோ போல் இருக்கிறது.

அவர் போய் இரண்டு வருஷம் கழித்து, ஐப்பசி மழையில் ஒரு மதியம் இடி இடித்தது. பெட்டியின் நீல விளக்கு அணைந்தது. பத்து நிமிஷத்தில் நாற்பது போன் கால்கள். வேறு வழியில்லை, திருகாணிகளைக் கழற்றிப் பக்கத் தகட்டைத் திறந்தேன்.

உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அவ்வளவு பெரிய பெட்டியின் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு போர்டு ஒன்று. பிராசஸரின் தலையில் சீப்புப் பல் தகடுகள். போர்டின் ஒரு மூலை உடைந்திருந்தது. என் டிபன் பாக்ஸ்! அதன் பக்கத்தில் பட்டையால் இறுக்கிக் கட்டிய இரண்டு இரும்பு எடைக்கற்கள், ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. ராத்தாவின் அப்பா ஒரு காலத்தில் மளிகைக் கடையில் வைத்திருந்தவை. அதற்குக் கீழே எட்டு கோர் பிராசஸரும் மதர்போர்டும், சீல் உடைக்காத அட்டைப்பெட்டிகளிலேயே.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷமாக நான் பிடித்துத் தொட வைத்த கைகள் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தன. ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். கருகியிருந்தது அடாப்டர் மட்டும்தான். மேஜையில் கிடந்த வேறொன்றைச் சொருகினேன். ஒரு நிமிஷத்தில் போர்டு உயிர் பெற்றது, கோடு ஏறியது, போன்கள் அடங்கின. அதே இணையத்தில் துபாய்க்கு வீடியோ கால் போட்டேன்.

"ராத்தா, பெட்டியத் தொறந்துட்டேன்."

திரையில் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். பச்சை ஒயர் இன்னும் இருந்தது.

"இப்பத்தானா? ஆறு மாசத்துல கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன் தம்பி. ஃபேன் சத்தமே வரலையேன்னுகூடவா தோணல?"

"ஏன் ராத்தா அப்பவே சொல்லல? எல்லாரையும் ஏமாத்திட்டு உடனே போட்டு உடைப்பீங்களே! மில்காரர, சம்பந்திய... என்னை மட்டும் மூணு வருசமா கேணையனா வச்சிருந்தீங்களே!"

மூக்கிலிருந்து காற்று வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"மில்லுக்காரரு ஏமாந்தா ஊரு ஒரு நாளு சிரிக்கும். மறுநாளு அவரு முதலாளிதான். நீங்க ஏமாந்தா மறுநாளும் சிரிக்கும், அதுக்கு மறுநாளும் சிரிக்கும். உங்களுக்கு அந்தப் பெட்டி வேண்டியிருந்துச்சு தம்பி. ரௌட்டருக்குத்தான் வேண்டியிருக்கல. அதான் ஆளுக்கு ஒண்ணா குடுத்தேன்."

நான் அந்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்தேன். அவரே பேசினார்.

"அந்த எட்டு கோரு சீல் உடைக்கல. என்னைக்காவது நெசமாவே தேவைப்பட்டா மாட்டிக்குங்க. இப்ப பேர மூடிட்டுச் சொல்லுங்க. எப்படி ஓடுது?"

பக்கத்தில் போர்டைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. ஒரு நாள்கூட அது என்னைக் கைவிட்டதில்லை.

"நல்லா ஓடுது ராத்தா" என்றேன். அப்போதுதான் மூக்கிலிருந்து காற்று வந்தது.

கற்களில் ஒன்றை உள்ளேயே கட்டிவிட்டு, இன்னொன்றை ராத்தா ஞாபகமாக என் மேஜை மேல் வைத்துக்கொண்டு தகட்டை மூடினேன். கடைசித் திருகாணி முறுக்கும்போது வாசலில் குடையை மடக்கிக்கொண்டு மில்காரர் வந்தார்.

"என்னப்பா, உன் எட்டு கோரு போயிடுச்சாமே?"

"சரி பண்ணிட்டேன் சார்."

அவர் குனிந்து, பழைய வழக்கப்படி இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கினார். வைத்தார். மறுபடி தூக்கினார். புருவம் சுருங்கியது.

"கனம் கொறஞ்சிருக்கே?"

"உள்ள தூசி நெறைய இருந்துச்சு சார். தட்டிட்டேன்."

"ரெண்டு கிலோ தூசியா?"

அந்தக் கையை மெச்சத்தான் வேண்டும். இந்த நிமிஷம் பெட்டியைத் திறந்து காட்டினால் சங்கம் முழுக்க அவரைப் பார்த்துச் சிரிக்கும். கூடவே என்னையும்.

"உங்க மில்லு பக்கத்துலதானே சார் இருக்கு. எவ்வளவு உமி பறக்குது" என்றேன்.

மில்காரர் கொஞ்சம் சங்கடத்தோடு மேஜைப் பக்கம் திரும்பினார். அங்கே இருந்த இரும்புக்கல்லில் "2 கிலோ" என்று பொறித்திருந்த இடத்தை என் வலது கைக் கட்டைவிரலால் மெல்ல மூடிக்கொண்டேன்.